எந்தக் கம்பெனித் தண்ணீர்?

1854-ஆம் ஆண்டின் கோடைக் கடைசி. தென் லண்டனில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவு விழுந்த வீடுகளின் கதவைத் தட்டி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனார்: உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது?

பலருக்குத் தெரியவில்லை. குடியிருப்பவர்கள் வாடகைக்காரர்கள். தண்ணீருக்குப் பணம் கட்டுவது வீட்டுச் சொந்தக்காரர், அவர் வேறெங்கோ இருப்பவர். கேட்டுப் பயனில்லை என்று கண்ட ஸ்னோ, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து வந்து சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்த்தார். சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி, பாட்டர்ஸீயில், கடல் ஓதம் ஏறி இறங்கும் தேம்ஸ் நதியிலிருந்து நீர் எடுத்தது. லண்டன் சாக்கடையெல்லாம் கலக்கும் இடம் அது. அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம், சில்வர் நைட்ரேட் பட்டதும் வெண்மையாகத் திரிந்துவிடும். லாம்பெத் கம்பெனி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பக்கம் மாற்றியிருந்தது. அதன் நீரில் அந்த உப்பு இல்லை.

கொள்ளைநோயின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: சவுத்வார்க் கம்பெனி நீர் போன வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு, லாம்பெத் நீர் போன வீடுகளில் 37.

பொதுச் சுகாதாரப் பாடங்களில் தவறாமல் வரும் கதைதான். அதில் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு விவரம் உண்டு. ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்கு, இரண்டு கம்பெனிக் குழாய்கள் எப்படி வந்தன? போட்டியால் வந்தன. முன்பொரு காலத்தில் கம்பெனிகள் வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டி போட்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் குழாய் பதித்தன. பிறகு போட்டி ஓய்ந்தது, குழாய்கள் மண்ணுக்குள் கிடந்தன. வாங்குபவன் நல்ல சரக்கைத் தேடிப் போவான், கெட்ட சரக்கு விற்பவன் கடையை மூடுவான் என்பதுதானே சந்தையின் சித்தாந்தம்? இங்கே வாங்கியவனுக்குத் தான் யாரிடம் வாங்குகிறோம் என்பதே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மருத்துவரும் ஒரு வேதியியல் சோதனையும் தேவைப்பட்டன.

இந்தச் சந்தைக்குக் காவலாக நின்ற கொள்கைக்கு நாம் தமிழில் வைத்திருக்கும் பெயர் தாராளவாதம். பெயரில்தான் தாராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி லிபரல்கள், பொதுப்பணத்தைப் பொறுத்தவரை, மகா கையிறுக்கக்காரர்கள். தனிமனிதச் சொத்து, ஒப்பந்தச் சுதந்திரம், குறைந்த வரி, அரசு தலையிடாமை என்று அவர்கள் பேசியவை எல்லாம் மன்னருக்கும் நிலப்பிரபுவுக்கும் எதிராகப் பேசியவை. அந்த வகையில் அது விடுதலைக் குரல்தான். 1832-இன் சீர்திருத்தச் சட்டம் நடுத்தர வகுப்பு ஆண்களுக்கு நாடாளுமன்ற வாக்கைக் கொடுத்தது. 1835-இல் வந்த நகராட்சிச் சட்டம் பழைய உள்வட்டக் குழுக்களைக் கலைத்து, வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கும் நகர்மன்றங்களைக் கொண்டுவந்தது. ஜனநாயகம் ஒரு படி ஏறியது.

சாக்கடைக்கு அது நல்ல சேதியாக இருக்கவில்லை. நகர்மன்ற வாக்காளர்களில் பெரும்பகுதி சிறுகடைக்காரர்களும், நாலைந்து சிறு வீடுகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களும். உள்ளாட்சி வரி வீட்டின் வாடகை மதிப்பைப் பார்த்துப் போடப்படுவது, வருமானத்தைப் பார்த்து அல்ல. கோடீஸ்வர ஆலை முதலாளிக்கு அது கொசுக்கடி. கடையும் வீடும் ஒன்றாக வைத்திருந்த மளிகைக்காரருக்கு முதுகெலும்பை முறிக்கும் சுமை. பாதாள சாக்கடை போடலாம் என்று எவராவது வாய் திறந்தால் இவர்கள் அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். பர்மிங்ஹாமில் இந்தக் கட்சிக்கு ‘எக்கானமிஸ்ட்கள்’, அதாவது சிக்கனக்காரர்கள் என்று பெயர். ஜோசப் ஆல்டே என்பவர் தலைவர். உட்மேன் என்ற மதுக்கடையில் கூடிப் பேசிவிட்டுத்தான் நகர்மன்றத்துக்குப் போவார்கள். 1850-களில் அந்த ஊரின் செலவுக் கணக்கு அந்த மேசையில்தான் தீர்மானமானது என்று சொன்னால் மிகை அதிகமில்லை.

அவர்களை வெறும் கஞ்சர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நலன் ஊர் முழுவதற்கும், சுமை தன் தலைக்கு என்றால் எவர்தான் கை தூக்குவார்?

லண்டனிலிருந்து கட்டாயப்படுத்தவும் பார்த்தார்கள். எட்வின் சாட்விக் 1842-இல் எழுதிய அறிக்கை, தொழிலாளர் குடியிருப்புகளின் நாற்றத்தையும் சாவையும் புள்ளிவிவரத்தோடு நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் சாகும் ஊரில் சுகாதார வாரியம் அமைக்க மத்திய வாரியம் உத்தரவிடலாம். எக்கானமிஸ்ட் வார இதழ் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதியது. துன்பம் இயற்கை தரும் எச்சரிக்கை, அதைச் சட்டத்தால் துடைக்க முயல்வதில் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது அதன் வாதம். ஆறு ஆண்டுகளில் சாட்விக் அந்த மத்திய வாரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ‘ஆரோக்கியமாக இரு’ என்று மிரட்டப்படுவதைவிடக் காலராவோடு எங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற பொருளில் டைம்ஸ் நாளிதழ் எழுதியது அப்போதுதான். அந்த மாதம் ஆகஸ்ட் 1854. ஸ்னோ கதவு தட்டிக்கொண்டிருந்த அதே மாதம்.

லண்டனுக்குப் பாதாள சாக்கடை கிடைத்தது நாற்றத்தால். 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில், நாடாளுமன்றச் சன்னல் திரைகளைக் குளோரைடு ஆஃப் லைம் என்ற வெளுப்புத் தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. மசோதா பதினெட்டே நாளில் சட்டமானது. பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் 82 மைல் நீளத்துக்குப் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். அந்த மசோதாவை நிறைவேற்றியவர் அப்போது நிதியமைச்சராக இருந்த டிஸ்ரேலி, கன்சர்வேட்டிவ். சுகாதாரச் சட்டங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்திய 1875-இன் பெரிய சட்டமும் அவர் பிரதமராக இருந்த ஆட்சியில் வந்ததுதான். ஆக, தாராளவாதம் தண்ணீர் கொண்டுவந்தது என்று நேர்க்கோடு போட முடியாது.

சொத்துரிமை எவ்வளவு இறுக்கமாக நின்றது என்பதற்கு அதே 1858-இல் பர்மிங்ஹாமில் ஒரு வழக்கு. ஊர்ச் சாக்கடை நீர் டேம் ஆற்றில் விடப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கம் சார்லஸ் ஆடர்லி என்ற பெருநிலக்காரரின் எஸ்டேட். ஆறு கெட்டுவிட்டது என்று அவர் நீதிமன்றம் போனார். ஊரில் இரண்டரை லட்சம் பேர் இருக்கிறார்கள், சாக்கடையை நிறுத்தினால் ஊரே கொள்ளைநோய்க் காடாகிவிடும் என்று நகராட்சி வாதாடியது. அந்த எண்ணிக்கை இங்கே பொருட்டல்ல, தனியொருவரின் உரிமைதான் கேள்வி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டுத் தடை விதித்தது. சட்டப்படி அது சரி. ஆற்றுக்கும் அது நல்லதே. கழிப்பறை விஷயத்தில்தான் அதன் விளைவை அந்த ஊர் வெகுகாலம் சுமந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கழிப்பறை வைத்துச் சாக்கடையில் இணைத்தால் வழக்கு வருமே என்ற பயத்தில், 1870-களில் பர்மிங்ஹாம் தட்டுக் கழிப்பறைகளுக்குப் போனது. இருக்கைக்குக் கீழே ஒரு இரும்புத் தட்டு, இரவு வண்டியில் வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். நம் ஊர்களில் எடுப்புக் கக்கூஸ் என்றார்களே, ஏறத்தாழ அதுதான். எடுத்தவர்களின் சாதியை அங்கே யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் வேறு.

இனி குழாய்க்கு வருவோம். மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு பக்கம் கொள்கை. லிபரல் சிந்தனையின் மூலவர்களில் ஒருவரான ஜான் ஸ்டூவர்ட் மில், எரிவாயுவும் தண்ணீரும் துணிமணி மாதிரியான சரக்கு இல்லை என்று 1848-லேயே எழுதிவிட்டார். ஒரே தெருவில் இரண்டு செட் குழாய் பதிப்பது வீண், போட்டி போடுவதாகச் சொல்லும் நாலைந்து கம்பெனிகள் கடைசியில் விலையைப் பேசிவைத்துக்கொள்ளும், அது போட்டியே ஆகாது என்றார். லண்டனின் குடிநீரைப் பொது அமைப்பு ஒன்றிடம் விடலாமா என்று 1851-இல் அவரிடம் கேட்டபோதும் அந்தப் பக்கமே நின்றார். சந்தையை நம்பிய மனிதர், சந்தையே உருவாக முடியாத ஓரிடத்தை அடையாளம் காட்டிவிட்டார்.

மறுபக்கம் வாக்குச்சீட்டு. கொள்கையைவிட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். 1867-இன் இரண்டாம் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொழிலாளி ஆண்களில் பெரும்பகுதிக்கு நாடாளுமன்ற வாக்கைத் தந்தது. 1869-இன் நகராட்சி வாக்குரிமைச் சட்டம், ஊரில் ஓராண்டு குடியிருந்து வரி கட்டினால் போதும் என்று ஆக்கியது. சொந்தப் பெயரில் வரி கட்டும் பெண்களுக்கும் நகராட்சி வாக்கு கிடைத்தது. கடைக்காரருக்குக் கீழே இன்னொரு அடுக்கு வாக்காளர்கள் வந்து சேர்ந்தார்கள். குழாய் வந்தால் அவர்களுக்கு லாபம் அதிகம், வரிச்சுமை குறைவு. மேலே, வரியைக் கொசுக்கடியாக நினைக்கும் பெருமுதலாளிகள். இருவரும் கைகோத்தால் நடுவில் இருக்கும் சிக்கனக்காரர்களுக்குப் பெரும்பான்மை கிடையாது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர் ஜோசப் சேம்பர்லின். பதினெட்டு வயதில் லண்டனிலிருந்து வந்து, திருகாணித் தொழிற்சாலையில் பணம் சம்பாதித்தவர். யூனிடேரியன், அதாவது அரசு சார்ந்த ஆங்கிலிக்கத் திருச்சபைக்கு வெளியே நின்றவர். அவரைப் போன்றவர்களிடம் ஜார்ஜ் டாசன், ஆர். டபிள்யூ. டேல் முதலிய போதகர்கள், ஊர் நடத்துவதும் ஒரு சமயக் கடமை, சாக்கடை போடுவது அசிங்கமான வேலை இல்லை என்று பிரசங்க மேடையிலிருந்தே சொன்னார்கள். சேம்பர்லின் 1869-இல் நகர்மன்ற உறுப்பினர், 1873-இல் மேயர். பின்னால் வார்டு வார்டாக ஆள் திரட்டும் லிபரல் கட்சி இயந்திரம் ஒன்று வேலை செய்தது. எதிரிகள் அதைக் ‘காகஸ்’ என்று திட்டினார்கள்.

முதலில் எரிவாயு. ஊரின் இரண்டு கம்பெனிகளையும் 1875-இல் நகராட்சி வாங்கியது, முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு லாபம். அந்த லாபம் வரி உயராமல் தாங்கிப் பிடித்தது. சிக்கனக்காரர்களின் வாயை அடைத்தது பிரசங்கம் இல்லை, இந்தக் கணக்குப் புத்தகம்.

அடுத்தது தண்ணீர். அப்போது ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிணற்றை நம்பி வாழ்ந்தவர்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பம்பு, துணி துவைக்க ஒரு பொதுக்கூடம், நாலு எட்டில் கழிப்பறைக் குழி. குழியிலிருந்து கிணற்றுக்குப் போக அழுக்குக்கு வழிகாட்டி தேவையில்லை. 1,350,000 பவுண்டு கொடுத்து நகராட்சி தண்ணீர்க் கம்பெனியை வாங்கியது, 1876 தொடக்கத்தில் கைமாறியது. எரிவாயுவில் லாபம் பார்க்கலாம், தண்ணீரில் பார்க்கக்கூடாது, மிஞ்சுவதெல்லாம் விலைக் குறைப்புக்கே போகவேண்டும் என்று சேம்பர்லின் வெளிப்படையாகவே சொல்லிவைத்தார். நமக்கு லாபம் ஊராரின் உடம்பில் வரும் என்பது நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் வைத்த வாதம்.

விலை எப்படிக் குறைந்தது என்பதை நல்லெண்ணத்தால் விளக்க முடியாது, அதற்கு இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று கடன். தனியார் கம்பெனி பங்குதாரருக்கு ஆண்டுதோறும் ஈவுத்தொகை கொடுக்கவேண்டும். நகராட்சிக்குப் பின்னால் வரி போடும் அதிகாரம் இருப்பதால் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும். 1875-இன் சட்டப்படி சுகாதார வேலைகளுக்கு 60 ஆண்டுத் தவணை வரை கடன் வாங்கலாம். பேரன் குடிக்கும் தண்ணீருக்குப் பேரனும் தவணை கட்டுவான். இன்னொன்று கட்டணம் போடும் முறை. வீட்டுக்கு மீட்டர் கிடையாது. வீட்டின் ஆண்டு மதிப்பு எவ்வளவோ அதில் ஒரு பங்கு தண்ணீர்க் கட்டணம். மாளிகைக்காரர் அதிகம், ஒற்றை அறைக்காரர் குறைவு. காய்ச்சல் வந்த பிள்ளையைக் குளிப்பாட்ட இன்னொரு வாளி பிடித்தால் கூடுதலாகப் பைசா இல்லை. ஏழைக்கு மலிவு என்பதோடு, பயமில்லாமல் திறக்கக்கூடிய குழாய் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

இந்த ‘ஆண்டு மதிப்பு’ சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான சொல். சொத்து வரிச் சீட்டிலும் குடிநீர், கழிவுநீர் வரியிலும் இன்றும் அதைப் பார்க்கலாம். கிளாட்ஸ்டன் என்ற லிபரல் பிரதமர் அனுப்பிய லிபரல் வைசிராய் ரிப்பன் பிரபு. உள்ளாட்சியில் இந்தியர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு உட்காரட்டும் என்று 1882-இல் அவர் போட்ட தீர்மானத்தின் நினைவாகத்தான் மாநகராட்சி மாளிகைக்கு அவர் பெயர். வாக்கு இங்கே வந்தபோது சொத்துள்ள ஒரு சிறு கூட்டத்துக்கே வந்தது. இங்கிலாந்தின் 1835 இங்கே வந்து இறங்கியது, 1869 இறங்கவில்லை.

பர்மிங்ஹாம் கதைக்கு நிழல்பக்கமும் உண்டு. சுகாதாரம் கருதிக் கிணறுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். கெட்ட தண்ணீர்தான், ஆனாலும் அது இலவசம். அந்த இடத்தில் வந்தது, வாடகையில் ஏறும் கட்டணத் தண்ணீர். சேரியை இடித்துக் கார்ப்பரேஷன் தெரு என்ற அகன்ற கடைவீதியைப் போட்டார்கள், இடிபட்ட வீடுகளில் இருந்தவர்களுக்கு மாற்றுவீடு கட்டித்தரவில்லை. நன்மையின் கணக்கில் அவர்கள் வரவே இல்லை.

ஊர் வளர, தண்ணீர் போதவில்லை. 1892-இல் சட்டம் வாங்கி, வேல்ஸ் மலைகளில் ஏலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டினார்கள். 73 மைல் தூரம், ஒரு பம்பு இல்லாமல், வாட்டத்தைக் கொண்டே நீர் வருகிறது. வந்துசேர ஒன்றரை நாள் ஆகும். ஏழாம் எட்வர்டு மன்னர் 1904 ஜூலையில் திறந்துவைத்தார். பள்ளத்தாக்கில் குடியிருந்த சுமார் நூறு பேர் வெளியேற்றப்பட்டார்கள், ஒரு பள்ளிக்கூடமும் ஒரு தேவாலயமும் நீருக்கடியில் போயின. இழப்பீடு கிடைத்தது நிலச் சொந்தக்காரர்களுக்கு. குத்தகைக்கு இருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்களுக்குப் பர்மிங்ஹாம் நகர்மன்றத்தில் வாக்கு ஏது? ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த ஒரு பெருநிலக்காரரால் ஊர்ச் சாக்கடையை நிறுத்த முடிந்தது. மேல்பக்கம் இருந்த குடியானவர்களால் அணையை ஒரு நாள் தள்ளிப்போடக்கூட முடியவில்லை.

மற்ற ஊர்களும் இதே வழியில் போயின. கிளாஸ்கோ பர்மிங்ஹாமுக்கு முன்பே கம்பெனிகளை வாங்கி, 1859-இல் காத்ரின் ஏரி நீரைக் கொண்டுவந்துவிட்டது. மான்செஸ்டர் 1894-இல் தேர்ல்மியர் ஏரி. லண்டன்தான் கடைசி. 1889-இல் அமைந்த லண்டன் மாவட்ட மன்றத்தில் லிபரல் சார்பு முன்னேற்றக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றுத் தண்ணீரைப் பொதுவாக்கப் பார்த்தார்கள், கன்சர்வேட்டிவ் அரசு இழுத்தடித்தது. 1890-களின் கோடைகளில் கிழக்கு லண்டன் குழாய்கள் வறண்டு, ஜனங்கள் வாளியோடு நின்றார்கள். 1902-இல் சட்டமாகி, 1904-இல் எட்டுக் கம்பெனிகளும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தன. காத்திருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பங்குதாரருக்கு விலை கொடுத்தார்கள். இதற்குள் சேம்பர்லின், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் பிரச்சினையில் 1886-லேயே லிபரல் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறி, கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து பேரரசின் காலனி அமைச்சராகவும் ஆகியிருந்தார்.

1989-இல் தாட்சர் அரசு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்துத் தண்ணீர் அமைப்புகளைப் பங்குச் சந்தையில் விற்றது. அவற்றின் பழைய கடனில் சுமார் 500 கோடி பவுண்டைத் தள்ளுபடி செய்துவிட்டு விற்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் 1848-இன் எக்கானமிஸ்ட் இதழின் குரலை அடையாளம் காண்பது கடினமில்லை: சந்தைக்கு விடு, அரசு விலகட்டும். கட்டணம் ஏறியது. 1991-92-இல் மட்டும், பணம் கட்டவில்லை என்று தண்ணீர் துண்டிக்கப்பட்ட வீடுகள் 21,000-க்கு மேல். சில கம்பெனிகள் முன்பணம் தீர்ந்தால் தானாக நின்றுவிடும் கருவிகளைப் பொருத்தின, துண்டிப்பு எண்ணிக்கை காகிதத்தில் குறைந்தது. அந்தக் கருவிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று உள்ளாட்சி மன்றங்கள் வழக்குப் போட்டு 1998-இல் வென்றன. அடுத்த ஆண்டு வந்த சட்டம், பாக்கிக்காக எந்த வீட்டின் தண்ணீரையும் துண்டிக்கக் கூடாது என்றது. கம்பெனி, கடன் கொடுத்த மற்றவர்களைப் போல, நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வசூலிக்கவேண்டும். விற்றதை அரசு திரும்ப வாங்கவில்லை, கட்டணமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் மட்டும் தண்ணீர் விற்கப்படவே இல்லை, காத்ரின் ஏரி இன்றும் அரசுச் சொத்து.